எதிராளிக்கும் லைனைத் திறந்து வைத்த வக்கீல்

வக்கீலாக இருந்து, நேயர்கள் போனில் கூப்பிட்டு வாதிடும் அரசியல் பேச்சு வானொலிக்கு வந்தவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். மார்க் லெவின், ஹ்யூ ஹெவிட், லாரி எல்டர் எல்லாருமே சட்டம் படித்து அந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆலன் பெர்க். இன்று அவர் பெயரைக் கொலையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள், அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த மனுஷன் எப்படிச் செத்தார் என்பது எல்லாருக்கும் தெரிகிறது, மைக் முன்னால் என்ன செய்தார் என்பதை யாரும் பேசுவதில்லை.

1934ல் சிகாகோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 22 வயதிலேயே இல்லினாய் மாநில வக்கீல் தேர்வில் தேறி சிகாகோவில் தொழிலைத் தொடங்கினார். அப்புறம் குடி வந்தது, வலிப்பு வந்தது, தொழில் போனது. மனைவியின் சொந்த ஊரான டென்வருக்குப் போய்க் குடியை விட்டார். வலிப்பு நிற்காததால் பரிசோதித்ததில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சையில் பிழைத்தார். அந்தத் தழும்பை மறைக்கத்தான் கடைசி வரை முடியை நீளமாக வைத்திருந்தார். டென்வரில் முதலில் செருப்புக் கடையில் வேலை, பிறகு சொந்தமாகத் துணிக்கடை. அந்தக் கடையில் அறிமுகமானவர்தான் லாரன்ஸ் கிராஸ், கேஜிஎம்சி வானொலியில் பேச்சு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவர். பெர்க்கின் வாய் சாமர்த்தியத்தைப் பார்த்துவிட்டு விருந்தினராகச் சிலமுறை அழைத்தார், தான் சான் டியாகோவுக்குப் போகும்போது என் இடத்தை இவருக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டும் போனார். நிலையம் மாறி, வேலை போய், திரும்பி வந்து, கடைசியில் 1981ல் கேஓஏ. ஐம்பதாயிரம் வாட் நிலையம் அது, இரவில் அதன் அலை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கேட்கும்.

வக்கீல் படிப்பு இவருக்கு எங்கே கை கொடுத்தது என்றால், குறுக்கு விசாரணையில்தான். சட்டம் தெரிந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, சட்டப் பிரிவுகளை ஒப்பித்தால் நேயர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். எதிராளி சொல்வதை முழுசாகக் காதில் வாங்கி, அதில் எந்த இடம் இளகியிருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு கேள்வி, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி. இதைக் கோர்ட்டில் செய்வது ஒருவிதத்தில் சுலபம், சாட்சி கூண்டை விட்டு இறங்கி ஓட முடியாது. வானொலியில் பிடிக்கவில்லையென்றால் நேயர் போனை வைத்துவிடுவார். அவரைக் கோபப்படுத்தவும் வேண்டும், லைனிலேயே வைத்திருக்கவும் வேண்டும். பெர்க்கைத் திட்டுவதற்காகவே கூப்பிட்டவர்கள் உண்டு, யூதர்களை வெறுப்பவர்கள் உண்டு, அவர்களையும் அவர் வானலையில் பேச விட்டார். தங்கள் வாதத்தைத் தங்கள் வாயாலேயே கடைசி வரை சொல்ல வைத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்பதை ஊரே கேட்கும்படி செய்தார்.

எப்போதும் அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். நேயரைத் திணற அடித்துவிட்டு, திட்டி, பட்டென்று லைனைத் துண்டிப்பதும் அவர் வழக்கம். அது எனக்குப் பிடிக்காது. கோர்ட்டில் வக்கீல் எல்லை மீறினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், நீதிபதி அடக்குவார். வானொலியில் இரண்டுமே கிடையாது, பட்டன் ஒருவர் கையில் மட்டும்தான் இருக்கிறது. கேள்வி கேட்கும் வித்தையோடு இந்த அதிகாரமும் சேரும்போது எப்பேர்ப்பட்டவரும் கெட்டுப்போக இடமுண்டு, பெர்க்கும் சில நேரம் கெட்டார்தான். இருந்தாலும் எதிராளி பேசும் லைனை அவர் மூடி வைத்ததில்லை.

1984 ஜூன் 18 இரவு, வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது சுட்டுக் கொன்றார்கள். சுட்டது 'தி ஆர்டர்' என்ற வெள்ளை இனவெறிக் கும்பல். அதன் தலைவன் ராபர்ட் மேத்யூஸ் அதே வருஷம் டிசம்பரில் எஃப்பிஐ முற்றுகையில் வீடு தீப்பிடித்துச் செத்தான். டென்வர் ஃபெடரல் கோர்ட்டில் 1987 நவம்பரில் புரூஸ் பியர்ஸ், டேவிட் லேன் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்து, ஆளுக்கு 150 வருஷம் தண்டனை கிடைத்தது. கூட விசாரிக்கப்பட்ட இன்னும் இரண்டு பேர் விடுதலை. இத்தனைக்கும் வழக்கு கொலை வழக்கே இல்லை, பெர்க்கின் சிவில் உரிமைகளைப் பறித்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. யூதர் என்பதாலும், அவர் பார்த்த வேலையைப் பார்க்கவிடாமல் தடுக்கவும் கொன்றார்கள் என்று அரசுத் தரப்பு வாதாடியது. வேலை என்று அங்கே சொன்னது வேறெதையும் இல்லை, அந்த வானொலி நிகழ்ச்சியைத்தான்.

அதே 1987 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1949லிருந்து இருந்த விதியை, அமெரிக்காவில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி கைவிட்டது. சம நேரம் தர வேண்டும் என்றெல்லாம் அந்த விதி கேட்கவில்லை, இடம் கொடு என்றது, அவ்வளவுதான். அடுத்த வருஷமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிபரப்பாக ஆரம்பித்தார், அவர் வக்கீல் இல்லை. ஆனால் அவர் காட்டிய பாதையில்தான் வக்கீல்களும் வந்தார்கள். ரேகன் காலத்தில் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸிடம் தலைமை அதிகாரியாக இருந்தவர் லெவின், அவருக்குச் சட்ட அறிவில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவு முழுக்க ஒரே தரப்பின் இறுதி வாதமாகவே போகிறது என்பது என் வருத்தம், ஜூரி முழுக்க முன்பே அவரோடு ஒத்துப்போனவர்கள். ஹெவிட் பரவாயில்லை, தனக்கு ஒத்துவராத பத்திரிகையாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார், அங்கே அந்தப் பழைய குறுக்கு விசாரணையின் ருசி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இனி ஒரு வக்கீல் கறுப்பு கோட்டைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தால் நான் கேட்பது ஒன்றுதான். உங்களைப் புகழ்ந்து பேசக் காத்திருக்கிறவர் கொஞ்சம் காத்திருக்கட்டும், உங்களை ஏசக் காத்திருக்கிறவரை முதலில் லைனில் எடுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.