'வெற்றிகரமாக முடிந்தது' என்றால் எதுய்யா முடிந்தது?

எக்செல் ஷீட்டில் மேக்ரோ பட்டனை அழுத்தினேன். மேக்ரோ என்றால், ஒரு வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைத்த கட்டளைகள். கண் சிமிட்டுவதற்குள் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஷீட்டில் இருப்பது நாற்பத்தோராயிரம் ரோ. பாக்கி பூஜ்யமாக உள்ள ரோவையெல்லாம் நீக்க வேண்டும். அதற்குள் முடித்துவிட்டதாம்! உருட்டிப் பார்த்தால் ஒரு ரோ கூடக் குறையவில்லை. பந்தியில் இலையே போடாமல் "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற ஜாதி இது.

மேக்ரோவின் கோடிங்கைத் திறந்தால் முதல் வரியே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. எந்தத் தப்பு நடந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் அந்தப் புண்ணிய வரி. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், நல்லா இருக்கட்டும். அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். உடனே எரர் 6, ஓவர்ஃப்ளோ. கடைசி ரோ எண்ணை வைக்கும் வேரியபிளை மகராசன் இன்டிஜர் என்ற சின்ன எண் வகையாக அறிவித்திருக்கிறார். இன்டிஜர் 32,767-க்கு மேல் தாங்காது. எக்செல் 2007-க்கு முந்தைய ஷீட்டிலேயே 65,536 ரோ உண்டு, இப்போது 10,48,576. நாற்பத்தோராயிரத்தை அதில் திணித்தால்? எண் ஏறவில்லை, அந்தப் புண்ணிய வரி தப்பை விழுங்கிவிட, பூஜ்யமாகவே நின்றது. ஒவ்வொரு ரோவாகப் பார்த்துக்கொண்டு போகும் லூப், 2-லிருந்து பூஜ்யம் வரை போக வேண்டும், அதாவது எங்கேயும் போக வேண்டாம். அப்புறம் என்ன, வெற்றிதான்.

சரி, பெரிய எண்ணையும் தாங்கும் லாங் வகையாக மாற்றினேன். இப்போது ஓடியது. ஓடி, பூஜ்ய ரோ அடுத்தடுத்து வந்த இடத்திலெல்லாம் ஒன்றை நீக்கி ஒன்றை விட்டுவைத்தது. மேலிருந்து கீழே நீக்கிக்கொண்டு போகிறதே! 5-வது ரோவை நீக்கினால் 6-வது மேலே ஏறி 5 ஆகிவிடும். லூப்போ 6-ஐப் பார்க்கப் போய்விடும். கீழிருந்து மேலே, 'ஸ்டெப் மைனஸ் 1' என்று போட வேண்டும் என்பது மேக்ரோ எழுதுகிறவர்களுக்கு அரிச்சுவடி.

அப்படியென்றால் ரோ குறைவாக இருந்த மாதங்களில் போன அறிக்கையெல்லாம் இப்படிப் பாதி நீக்கியவைதானா? மேனேஜரிடம் கேட்டேன். "இத்தனை நாள் சரியாத்தானே வந்துச்சு, நீங்க கை வச்சதும்தான் இப்படி" என்கிறார். கூடவே ஓர் ஆலோசனை: "கன்ட்ரோல் இசட் அடிங்களேன்."

மேக்ரோ ஷீட்டில் கைவைத்தால் அன்டூ பட்டியல் காலி, சார். திரும்பப் பெற ஒன்றும் இல்லை. நான் காப்பி எடுத்து வைத்துத்தான் ஓட்டினேன், அது வேறு விஷயம். அதைச் சொன்னால் "அப்ப என்ன பிரச்சினை?" என்பார். சொல்லவில்லை.

இதெல்லாம் கிடக்கட்டும். ஏசி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தன் மௌசில் போட்டுக்கொண்டது யார்? பதினெட்டு டிகிரியில் விறைத்துப்போய் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.