மனச்சோர்வுக் குளிசை முதியவர்களை அடிமையாக்குமா?

"வயது போனால் மனச்சோர்வு இயல்பு, குளிசை தொடங்கினால் ஆயுளுக்கும் அடிமை." கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றும் இந்தப் பேச்சில் இரண்டு பாதியும் பிழை.

மனச்சோர்வு ஒரு நோய். முதியவர்கள் "கவலை" என்று சொல்வது குறைவு; "உடம்பு உளையுது, சாப்பாடு பிடிக்கேல்லை" என்பார்கள், விடிய 3 மணிக்கே எழும்பிக் குந்தியிருப்பார்கள். இரண்டு வாரம் தாண்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள்; தைரொயிட், பி12 பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

பழக்கமாவது டயஸிபாம், குளோனஸிபாம் வகைக் குளிசைகள். நித்திரைக்கென்று வருடக்கணக்கில் அவற்றை விழுங்கி, இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறிப்பவர்களைப் பற்றி அந்தச் செய்தி ஏனோ பேசுவதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் வேறு இனம். முதியவர்களுக்குப் பெரும்பாலும் 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள்; முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் எடுக்கும். பத்தாம் நாளே "வேலை செய்யேல்லை" என்று விடுவதுதான் வழமையான பிழை. மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல் வரும்; அதைத்தான் அடிமைத்தனம் என்கிறார்கள். படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இரத்தத்திலுள்ள சோடியம் என்ற உப்பு. செர்ட்ரலினோடு பிரஷருக்கு நீர்க்குளிசையும் எடுப்பவருக்கு முதல் சில வாரங்களில் அது குறையலாம். தடுமாற்றம், புத்தி மாறாட்டம் கண்டால் அன்றே காட்டுங்கள். "இருந்து என்ன பயன்" என்று பேசினால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.