பசிக்கு என்ன அத்தாட்சி?

போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு அன்னதானம். வரிசையில் நின்றவர்களிடம் ஆதார் கேட்டார்கள். பிளாட்பாரத்தில் படுக்கிற பெரியவர் ஒருவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் நகர்ந்துவிட்டார். "உண்மையான ஏழைக்குப் போய்ச் சேரணுமில்ல சார்" என்றார் டோக்கன் கொடுத்தவர். அன்று முழுக்க எனக்கு வடலூர் ஞாபகம்தான்.

பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23, வைகாசி 11. பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் ஒரு கூரைக் கொட்டகை. அதற்கு முந்தைய வருடம்தான் பஞ்சம் வந்து போயிருந்தது. அன்று அவர் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. 21 அடி நீளம்! பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டிக் கரண்டு எடுக்கிறார்கள். இங்கே இன்னும் விறகுதான்.

அந்தக் காலத்தில் சத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பல சத்திரங்களில் யாருக்கு எந்தப் பந்தி, யார் வெளியே நிற்கணும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. வள்ளலார் தன் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் இதை நேராகவே உடைக்கிறார்: பசித்தவன் எந்த தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி என்று பார்க்காதே, அவன் செய்கை எப்படி என்றும் விசாரிக்காதே. சாதி பார்க்காதே என்று சொன்னவர்கள் உண்டு. நடத்தையையும் பார்க்காதே என்றாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். குடிகாரனும் திருடனும் உட்காரலாம்.

கொஞ்சம் தள்ளி, 1872 தைப்பூசத்தில் அவர் திறந்த ஞானசபை இருக்கிறது. கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்று அங்கே நிபந்தனை உண்டு. புலால் விஷயத்தில் அவ்வளவு கறாரான மனிதர், சோற்றுப் பந்தியில் அந்தக் கணக்கைக் கொண்டுவரவில்லை. சாமி கும்பிடத் தகுதி வேண்டும், சாப்பிடத் தகுதி வேண்டாம். இதை நம் ஆன்மிகப் பேச்சாளர்கள் ஏனோ சுருக்கமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

தருமச்சாலை தொடங்கிப் பத்தே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் (1876-78) வந்தது. அப்போது வள்ளலார் இல்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி குறைத்தார்: நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை. சோம்பேறிகள் உள்ளே புகுந்துவிடக் கூடாதாம். டோக்கன்காரர் பேசிய பேச்சு புதுசு இல்லை, 150 வருடப் பழசு.

சின்ன வயதில் ஆயாவோடு தருமச்சாலையில் சாப்பிட்டிருக்கிறேன். என் பக்கத்தில் சடைவிழுந்த தலையோடு ஒருவர். முதல் பந்தியிலேயே அவரைப் பார்த்திருந்ததால், "ஆயா, இவரு அப்பவே சாப்ட்டாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஆயா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது. பரிமாறிக்கொண்டு வந்தவர் காதிலும் அது விழுந்திருக்கும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சடைக்காரருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டு, "குழம்பு ஊத்தட்டுங்களா?" என்றார்.