இரவல் போன படங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் பழைய புகைப்படங்களைத் திரட்டி, படத்தில் இருப்பவர்களின் பெயர்களோடு ஒரு நூலாகக் கொண்டுவர வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, ரப்பர் நிரைகளைச் செம்பனையாக்கிவிட்ட பிறகு, விடியலில் ஆட்களைப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களமும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன ஆயாக் கொட்டகையும் எங்கே இருந்தன என்று காட்ட அந்தப் படங்களை விட்டால் வேறு சான்று இல்லை. அவற்றில் 14 படங்களை, விழா மலருக்கு வேண்டும், ஒரே வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்று வீடு தேடி வந்து கேட்டவர்களிடம் நம்பிக் கொடுத்தேன். பதினொரு மாதம் நடையாய் நடந்த பிறகு 9 வந்தன.

வந்தவற்றைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. தோளில் வாளி சுமக்கும் காண்டாக் கம்போடும் இரு பக்கமும் ரப்பர் பால் வாளிகளோடும் என் அம்மா நிற்கும் படத்தை, பக்கத்தில் அடங்கவில்லை என்று கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறார்கள். இடப்பக்கத்து வாளி பாதிதான் இருக்கிறது. அவர் சேலை முந்தானையின் மேல் நீல நிறப் பேனாவால் '23' என்று பக்க எண்ணை அழுத்தி எழுதியிருக்கிறார்கள். பின்புறத்தில் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்த தோட்டத்தின் பெயரும் நாளும் பசையோடு பிய்ந்து போய்விட்டன. இதைச் செய்தவர்கள் எல்லாரும் மேடையேறினால் நம் வரலாற்றைக் காக்க வேண்டும் என்று முழங்குகிறவர்கள்.

வராத ஐந்தில் ஒன்று என் சின்னத் தாத்தாவின் படம். 1942-இல் தொடங்கி 1943-இல் முடிந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் பாதையைப் போட ஜப்பானியர் பிடித்துச் சென்ற தோட்டத் தொழிலாளர்களில் அவரும் ஒருவர், திரும்பி வரவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை, அவர் முகத்தைப் பார்த்தவர்களும் இன்று உயிரோடு இல்லை, இருந்தது அந்த ஒரு படம்தான். கேட்டால், "அதான் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கீங்களே தம்பி, அதையே அச்சடிச்சுக்குங்க" என்கிறார் மலருக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர்கள் அவசரப்படுத்தியதால் முறையாக ஸ்கேன் செய்ய நேரமில்லாமல் கைப்பேசியில் எடுத்தது அது. வாட்ஸ்அப்பில் போனபோது இன்னும் சுருங்கிவிட்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கேட்கும் அச்சில் அந்த முகம் வெறும் கறையாகத்தான் விழும்.

புத்தகங்களுக்கும் இதே கதிதான். சில நூறு பிரதிகள் அச்சாகி மறுபதிப்பே காணாத உள்ளூர் நாவல்களை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், திருப்பிக் கேட்டால் நம்மைக் கஞ்சன் என்கிறார்கள்.

எங்கள் ஊரின் பெயரை வரலாற்று நூல்கள் எப்போது சொல்கின்றன தெரியுமா? 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டங்களை நிர்வகித்த மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த மலாயா அவசரகாலம் பிறந்ததைச் சொல்லும்போதுதான். துரைமார்களின் பெயர்கள் அச்சில் இருக்கின்றன. அதே தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிய எங்கள் சனங்கள், பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் இந்தப் படங்களில்தான் இருக்கிறார்கள். அந்த டின்னைத் திறந்து, தயங்கித் தயங்கி என் கையில் கொடுத்த பாட்டிமார்களுக்கு இப்போது நான் என்ன பதில் சொல்வது?

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த மலர்ப் பொறுப்பாளர் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். மீதி ஐந்து படங்களும் கைக்கு வராமல் அங்கிருந்து நகர மாட்டேன்.