ஆவிகளைப் பகுத்தறிகிற வரம் யாரைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது?

"அந்த சகோதரிக்குப் பகுத்தறிகிற வரம் இருக்கு" என்று நம் ஜெபக்குழுக்களில் யாராவது சொன்னால் என்ன புரிந்துகொள்கிறோம்? வீட்டுக்குள் கால் வைத்ததுமே எந்த அறையில் என்ன ஆவி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். யார் பொறாமைப்பட்டார்கள், யார் செய்வினை வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் உற்றுப் பார்த்தாலே எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்த வரம் உண்டு என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நம்புவதால்தான் இதை எழுதுகிறேன். நாம் பழக்கப்படுத்தி வைத்திருப்பது வேதத்தில் உள்ள வரம் இல்லை.

1 கொரிந்தியர் 12:10ஐ எடுத்துப் பாருங்கள். வரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிற பவுல், தீர்க்கதரிசனத்தைச் சொன்ன உடனே ஆவிகளைப் பகுத்தறிதலைச் சொல்கிறார். அது ஏன் அங்கே வருகிறது என்பது 14:29இல் விளங்கும். தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறார். அதாவது, பேசுகிறவர் சொன்னது ஆண்டவரிடமிருந்து வந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சோதிக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிற சபை மேடையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய வரம் இது. நாமோ அதைத் தலைகீழாக்கி, மேடையில் இருப்பவர் கையில் கொடுத்து, அவர் சபையைச் சோதிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்த வரம் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க அப்போஸ்தலர் 16ஐ விடச் சிறந்த இடம் இல்லை. பிலிப்பியில் குறிசொல்லுகிற ஆவி பிடித்த ஒரு அடிமைப்பெண். பவுலும் சீலாவும் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர், இரட்சிப்பின் வழியைச் சொல்கிறவர்கள் என்று சத்தமிடுகிறாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நாமாக இருந்தால் ஆமென் போட்டிருப்போம். அநேக நாள் இப்படியே நடந்த பிறகு, பவுல் திரும்பி அந்த ஆவியைக் கடிந்துகொண்டார். பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் விடுதலையானாள். யாருக்குக் கோபம் வந்தது? அவளை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த எஜமான்களுக்கு. பகுத்தறிந்தவருக்குக் கிடைத்தது முதுகில் அடியும், சிறையும், காலை மாட்டி வைக்கிற தொழுமரமும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீடுகளைப் பாருங்கள். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர், அவள் தலைமேல் கை வைத்து, "இது தாய் வழியில் வந்த சாபக்கட்டு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு கிளம்பியும் போய்விட்டார். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அவளுடைய அம்மா ஒரு டின் நிறைய முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்து வந்தார். மாமியார் டின்னை வாங்கிப் பரண்மேல் வைத்தார். பொங்கல் முடிந்தும் அது திறக்கப்படவே இல்லை. பிற்பாடு டாக்டரிடம் போனபோது தைராய்டு என்று தெரிந்து மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அந்த அம்மாவின் மேல் விழுந்த பேரை எந்த மாத்திரை எடுக்கும்? அன்றைக்கு அந்த ஹாலில் வேதத்தை நன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள். "ஐயா, இதை எப்படிச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது என்ற வசனம் வாயை அடைத்துவிடுகிறது. 105ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, நிலையான இடமில்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்காக, ராஜாக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பலமில்லாதவர்களைக் காக்க வந்த வசனம் அது. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜா தப்பு செய்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அவரிடமே நேராகப் போய், "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னாரே, அது பாவமா?

ஆதி சபையார் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். டிடாக்கே என்று ஒரு பழைய போதனை நூல் உண்டு, முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எழுதப்பட்டது. 1873இல் அதன் கையெழுத்துப் பிரதி கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்று அதில் இருக்கிறது. ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசி இல்லை, ஆண்டவருடைய நடக்கை இருந்தால்தான் தீர்க்கதரிசி என்றும் இருக்கிறது.

அப்புறம், பிசாசைக் கண்டுபிடிப்பது மட்டுமா பகுத்தறிதல்? சபையைத் துன்பப்படுத்திய சவுல் (இவர்தான் பிறகு பவுல்) மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் அவனை நம்பாமல் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா ஒருவர்தான் அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனார். எல்லாரும் சந்தேகப்பட்ட ஒருவனுக்குள் தேவன் செய்திருந்த வேலையை அவர் கண்டார். எனக்கு இது மிகப் பெரிய பகுத்தறிதலாகத் தெரிகிறது. நம் குழுக்களில் இப்படி ஒருவரைப் பார்த்து, "இவருக்குள் ஆண்டவர் வேலை செய்கிறார், பயப்படாதீர்கள்" என்று சொன்ன வரத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சோதித்தால் ஆவியை அவித்துப்போடுவதாகாதா என்று கேட்பார்கள். ஆவியை அவிக்காதீர்கள், தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதீர்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு ஒரே மூச்சில்தான் எழுதியிருக்கிறது. மூன்றில் ஒன்றை மட்டும் எப்படி விடுவது?

எங்கள் போதகரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். கல்யாணம், குழந்தை, சொத்து, வியாதி பற்றி யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும், சபை மூப்பர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு சொல்லட்டும், அவர்கள் நிதானித்துப் பார்க்கும்வரை அந்தக் குடும்பம் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், யாரும் அதைத் தெருவில் பேச வேண்டாம் என்று. அவர் சரி என்றிருக்கிறார். உங்கள் போதகரிடமும் கேளுங்கள்.