பூட்டுச் சின்னம் அரசு முத்திரை அல்ல

ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக எடுக்கும் இ-பாஸ் (அனுமதிச் சீட்டு) தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் அது அரசுத் தளம்தான் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தவறாக நினைக்க வேண்டாம், அது சரியில்லை. நம் போனுக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, பூட்டு சொல்வது அவ்வளவுதான். தளத்தை நடத்துவது யாரென்று அது சொல்லாது. பூட்டு வர, தளத்துக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. போலித் தளக்காரருக்கும் சில நிமிடத்தில் கிடைத்துவிடும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே மாற்றியது.

கம்ப்யூட்டரில் முகவரிக்கு இடப்பக்கச் சின்னத்தை அழுத்திச் சான்றிதழைத் திறந்து பாருங்கள். பல தளங்களில் தளப் பெயர் மட்டும் இருக்கும். நிறுவனம் என்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தொடக்கத்தில் வரும் 'https://' போக, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் 'epass.tnega.org' என்று மட்டுமே இருக்க வேண்டும். இ-பாஸ் இலவசம்.