'வெரி'க்குப் பதிலா என்ன போடணும்னு என்கிட்ட கேக்காதீங்க

அந்த ரீலைப் பத்தித்தான் எழுதுறேன். எந்த ரீல்னு கேக்க வேண்டாம், ஒரு வாரமா உங்க எல்லார் ஃபீட்லயும் அதுதான் ஓடுது. "இனிமே வெரின்னு சொல்லாதீங்க, படிச்சவங்க மாதிரி பேசுங்க." வெரி தின்னா? எமேஷியேட்டட். வெரி ஓல்டா? டெக்ரெபிட். வெரி ஃபேமஸா? நொட்டோரியஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாடி ஒரு டிங்.

அதுக்குக் கீழே நான் போட்டது ரெண்டே வரி. நொட்டோரியஸ்னா கெட்ட விஷயத்துல பேர் வாங்கினவன், மரியாதைக்குரியவங்களுக்குப் போட்டுடாதீங்கன்னு சொன்னேன். வந்த பதிலைப் பாத்திருப்பீங்க. பொறாமை, பூமர், "உங்க கோச்சிங் கடை காத்தாடுதா?" காத்தாடலைங்க. நல்லாத்தான் போகுது. விசாரிச்சதுக்கு நன்றி.

சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. ஒரு ஆங்கிலச் சொல்லைத் தனியாப் படிச்சா அதைப் படிச்ச மாதிரியே இல்ல. அது எந்தச் சொல் பக்கத்துல உக்காரும், எதுக்குப் பக்கத்துல உக்காராது, அதைச் சொல்றவன் திட்டுறானா பாராட்டுறானா, அது வீட்ல பேசுறதா கோர்ட்ல எழுதுறதா, பின்னாடி எந்த ப்ரெபோசிஷன் வரும்னு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சொல். அர்த்தம் அதுல கால்வாசி.

எமேஷியேட்டட்டை எடுத்துக்கோங்க. பஞ்சத்துலயோ நோயிலயோ எலும்பும் தோலுமா ஆனவங்களைச் சொல்ற சொல் அது. டயட்டுல இருந்து இளைச்ச தோழியைப் பாத்து "யூ லுக் எமேஷியேட்டட்"னு சொன்னா, அவ உங்களோட பேசுறதை நிறுத்திடுவா. டெக்ரெபிட்ங்கிறது இடிஞ்சு விழப்போற கட்டடத்துக்கும் துருப்பிடிச்ச பஸ்ஸுக்கும் போடுறது. ஆளுக்குப் போட்டா தள்ளாடி, ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போனவங்கன்னு ஆயிடும். இந்த ரீலைப் பாத்துட்டு எத்தனை பேர் பாட்டியோட பிறந்தநாள் போஸ்ட்ல அதைப் போடப் போறாங்களோ.

இன்னொரு கூத்தும் இருக்கு. வெரி டயர்டுக்குப் பதிலா எக்ஸாஸ்டட்னு மனப்பாடம் பண்ணினவங்க அடுத்த நாளே "ஐ ஆம் வெரி எக்ஸாஸ்டட்"னு எழுதுறாங்க. எக்ஸாஸ்டட்குள்ளேயே அந்த வெரி இருக்கு. அதுக்கு முன்னாடி அழுத்தம் வேணும்னா அப்சொல்யூட்லி, கம்ப்ளீட்லி மாதிரிதான் வரும். டயர்டுக்கு முன்னாடி அப்சொல்யூட்லி சரியா உக்காராது. ரெண்டு சொல்லும் ஒரே அர்த்தம்னு டிங் அடிச்சவர் இதைச் சொல்லல. முப்பது செகண்ட்ல எங்க சொல்றது?

"ஒரே அர்த்தம்தானே, என்ன பெரிய வித்தியாசம்?"னு கேட்டவருக்கு: சாவு, மரணம், காலமானார், இயற்கை எய்தினார் எல்லாமே ஒரே அர்த்தம்தான். அகராதி அப்படித்தான் சொல்லும். நேத்து எங்க வீட்டுப் பொறியில ஒரு எலி இயற்கை எய்தியது. சிரிப்பு வருதுல்ல? அதே சிரிப்புதான் நம்ம ஆங்கிலத்தைக் கேக்குற ஆங்கிலக்காரங்களுக்கும் வருது. அவங்க மரியாதைக்கு வெளிய காட்டுறதில்ல, அவ்வளவுதான்.

மொழியியல்ல இது ஒண்ணும் புதுசு இல்ல. ஒரு சொல்லை அது பழகுற கூட்டத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியும்னு ஜே. ஆர். ஃபெர்த்ங்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957-லயே எழுதிட்டார். அப்புறம் ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாம்ல கம்ப்யூட்டர்ல லட்சக்கணக்கான சொற்களைக் கொட்டித் தேடிப் பாத்தார். 'செட் இன்'னு ஒரு சாதாரணப் பிரயோகம், தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். ஆனா அதோட வர்றதெல்லாம் அழுகல், விரக்தி, தொற்று மாதிரி நல்லதில்லாத சமாச்சாரங்கள். சந்தோஷம் செட் இன் ஆகுறது ரொம்ப அபூர்வம். இதை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

சொல்லாததால என்ன ஆகும்? தென்மாவட்டத்துப் பொண்ணு ஒருத்தி, வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதின ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸை, அதாவது ஏன் அங்க படிக்க வர்றேன்னு சொல்ற கட்டுரையை, திருத்தக் கொடுத்தா. நல்ல மார்க், உண்மையான ஆர்வம். முதல் பத்தியில அவ ஊர் 'ரைஃப் வித் டேலன்ட்'. ரெண்டாவதுல அவ கிராமத்து மக்களுக்குச் சேவை செய்ய 'ஹெல்-பென்ட்'டா இருக்கா. மூணாவதுல காலேஜ்ல நிறைய சோஷியல் சர்வீஸ் 'கமிட்' பண்ணியிருக்கா. இலக்கணப்படி ஒரு தப்பு சொல்ல முடியாது. ஆனா ரைஃப் வித்னா பின்னாடி ஊழல், வதந்தி, நோய்னு வரணும். ஹெல்-பென்ட்னா பழிவாங்கவோ நாசம் பண்ணவோ வெறியா அலையறவன். 'செய்தேன்'ங்கிற அர்த்தத்துல கமிட் வந்தா பின்னாடி கொலை, திருட்டு, தப்புதான் வரும். படிக்கிற பேராசிரியருக்கு அந்த ஊர்ல திறமைங்கிறது ஏதோ கொள்ளைநோய் மாதிரியும், இந்தப் பொண்ணு சமூக சேவைங்கிற குற்றத்தைப் பல தடவை செஞ்சவ மாதிரியும் தெரியும். "டிக்‌ஷனரில நிறைந்தன்னுதானே இருந்துச்சு?"ன்னு கேட்டா. அவ தப்பு என்ன இதுல? யாரோ கொடுத்த 'பவர் வேர்ட்ஸ்' பிடிஎஃப்ல அர்த்தம் ஒத்தைச் சொல்லா இருந்துச்சு, நம்பிட்டா.

எனக்கு எரிச்சல் அந்தப் பொண்ணு மேல இல்ல, அந்த பிடிஎஃப் மேல. இது புரியாம "புதுசா கத்துக்கிறவங்களை மட்டம் தட்டுறீங்க"ன்னு என்னைத் திட்டுறாங்க.

சரி, மத்த ஆட்சேபணைகள். "நேட்டிவ் ஸ்பீக்கரே தப்பு பண்றான்." பண்றான். மிட்டிகேட்டுக்கு (பாதிப்பைக் குறைக்கிறது) பின்னாடி அகெயின்ஸ்ட் போடுறவங்க அங்கேயும் நிறைய பேர், மிலிட்டேட்டோட (எதிரா வேலை செய்றது) குழப்பிக்கிறாங்க. மிட்டிகேட் நேரா ரிஸ்க்கையோ பாதிப்பையோ பிடிச்சுக்கும், நடுவுல எதுவும் வேண்டாம். அவன் பண்றான்னு நாமளும் பண்ணணுமா?

"இந்திய ஆங்கிலம்னு ஒண்ணு இருக்கு, வெள்ளைக்காரன் காலைப் பிடிக்காதீங்க." இருக்கு, எனக்கும் அது பிடிக்கும். ப்ரிபோன் (குறிச்ச நேரத்தை முன்னாடி கொண்டுவர்றது) அழகான சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம் வாங்கிடுச்சு. கோடிப் பேர் ஒரே மாதிரி, ஒரே அர்த்தத்துல பயன்படுத்தினா அது வழக்கு. பாட்டியை டெக்ரெபிட்னு சொல்றது எந்த ஊர் வழக்குங்க?

"அப்போ சசி தரூர் மட்டும் பேசலாமா?" அவரைச் சரியாப் பாருங்கன்னுதான் சொல்றேன். 2017-ல ஃபராகோன்னு (தாறுமாறான கலவை) ஒரு சொல் போட்டு அவர் எழுதின ட்வீட்டுக்கு நாடே சிரிச்சுது. ஃபராகோங்கிற சொல்லுக்குப் பின்னாடி அவர் என்ன போட்டார்? திரிபுகள், பொய்கள். அந்தச் சொல் காலங்காலமா பழகுற கூட்டமே அதுதான். பெரிய சொல்லா இருக்கலாம், ஆனா தப்பான இடத்துல உக்காரல. மீம் போட்டவங்க ஃபராகோவை மட்டும் உருவி எடுத்துட்டு வந்தாங்க.

"பேசினாப் போதும், புரிஞ்சாப் போதும்." இதை நானும் ஒத்துக்கிறேன். ஆட்டோ பிடிக்க, ஆர்டர் பண்ண, இன்டர்வியூல நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வெரி டயர்டு தாராளமாப் போதும். அப்ப வெரி டயர்டுன்னே சொல்லுங்களேன்! படிச்சவங்க அதைச் சொல்றதில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?

பரீட்சைக்குன்னு சொல்றவங்களுக்குத் தனியா. வெளிநாடு போக எழுதுற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ல, எழுத்துப் பகுதியில சொல்வளத்துக்கு நாலுல ஒரு பங்கு மதிப்பெண். 7-ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலை) விளக்கத்தை எடுத்துப் படிங்க, கொலோகேஷன்ங்கிற சொல் நேரடியாவே இருக்கு. அதாவது சொற்களோட சேர்க்கை. சொல் எவ்வளவு நீளம்னு ஒரு வரி கிடையாது. மேல்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ 2011-லயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிடுச்சு. இப்ப வாக்கியத்துக்குள்ள கோடிட்ட இடம்தான். ஆறு சொல் கொடுத்து ரெண்டு எடுக்கச் சொல்ற கேள்வியில, ஒரே அர்த்தமுள்ள ஆனா அந்த வாக்கியத்துல பொருந்தாத ஜோடியைத்தான் கண்ணியா வைப்பான். ரெண்டுல ஒண்ணு தப்புன்னாலும் மார்க் கிடையாது. பட்டியல் படிச்சவன் நேராப் போய் அதுலதான் மாட்டுவான். ஆனாலும் ஆயிரக்கணக்கான சொல் உள்ள பழைய பட்டியலை இன்னும் ஜெராக்ஸ் போட்டு வித்துட்டுத்தான் இருக்காங்க.

எப்படித்தான் படிக்கிறதுன்னு கேட்ட ரெண்டு மூணு நல்லவங்களுக்காக விலாவாரியாச் சொல்றேன்.

முதல்ல சொல்லை எங்கிருந்து எடுக்கிறீங்க? ரீல்ல இருந்து வேண்டாம். நீங்க படிக்கிற கட்டுரையில மூணு தடவையாவது எதிர்ப்பட்ட சொல்லா இருக்கணும். மேல்படிப்புன்னா ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல தொகுத்த கல்விசார் சொற்பட்டியல் இருக்கு, 570 சொற்குடும்பம். அதுல முதல் பகுதியில வர்றதே அஸ்யூம், எஸ்டாப்ளிஷ், இண்டிகேட், சிக்னிஃபிகன்ட். "இதெல்லாம் தெரியுமே"ம்பாங்க. எஸ்டாப்ளிஷ் தட்னு அதை எத்தனை பேர் சரியா எழுதுறோம்? அதைத் தாண்டிக் குதிச்சு பெர்ஸ்பிகேஷியஸ் (கூர்மையான புத்தியுள்ள) மாதிரி சொல்லுல போய் நிக்கிறோம்.

அடுத்து, ஆங்கிலம் - தமிழ் அகராதியோட நிறுத்தாதீங்க. கத்துக்கிறவங்களுக்குன்னே எழுதின அகராதி வேணும். அந்த வகையில ஆக்ஸ்ஃபோர்டோடது முதல்ல வந்தது 1942-ல, டோக்கியோவுல. ஜப்பான்ல பாடம் நடத்தின ஹார்ன்பி, நம்மள மாதிரி வெளியாளுக்காகவே உக்காந்து செஞ்சது. லாங்மேன் அகராதியில சுமார் 2000 எளிய சொல்லுக்குள்ளேயே எல்லா விளக்கமும் அடங்கிடும். கொலின்ஸோட கோபில்ட் அகராதி முழு வாக்கியத்துல விளக்கும், அதனால சொல் எப்படி உக்காருதுன்னு விளக்கத்துலயே தெரிஞ்சுடும். அர்த்தத்துக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல ஃபார்மல், லிட்டரரி, டிஸ்அப்ரூவிங்னு குறிப்பு இருக்கும். நம்ம ஆளுங்க தாண்டிப் போறது அதைத்தான். நொட்டோரியஸ் கதையோ அங்க இருக்கிற விளக்கத்துலயே முடிஞ்சிருக்கும்.

நோட்டுல ஒத்தைச் சொல்லை எழுதவே எழுதாதீங்க. மிட்டிகேட் = குறைத்தல்னு எழுதினா நாளைக்கு எடையை, விலையை எல்லாத்தையும் மிட்டிகேட் பண்ணுவீங்க. 'மிட்டிகேட் த ரிஸ்க் ஆஃப்', 'மிட்டிகேட் த இம்பாக்ட் ஆஃப்'னு துண்டா எழுதுங்க. அட்டை போடுறதா இருந்தா முன்பக்கம் கோடிட்ட வாக்கியம், பின்பக்கம் சொல். அங்கின்னு (Anki) ஒரு மனப்பாட அட்டை ஆப் இருக்கு, எத்தனை நாள் கழிச்சு எதைக் காட்டணும்னு தானே பாத்துக்கும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். முப்பதுன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது வாரம் மறுபார்வை மலையாக் குவிஞ்சு ஆப்பையே தூக்கிடுவீங்க.

சொந்த வாக்கியம் ரெண்டு எழுதிட்டு அதைச் சோதிக்கணும், இதை யாருமே செய்றதில்ல. கோகாங்கிற (COCA) அமெரிக்க ஆங்கில எழுத்து, பேச்சுத் தொகுப்புல நூறு கோடி சொல் இருக்கு. அதுல ரைஃப் வித்னு போட்டுத் தேடி, வலது பக்கம் வர்றதை இருபது வரி படிச்சுப் பாருங்க. உங்க சொல் அந்தக் கூட்டத்துல சேருமா சேராதான்னு ஒரு ஆசிரியரும் சொல்லாமலே தெரியும். அதுக்கப்புறம் எழுத்துல ஓட்டிப் பாருங்க, பேச்சுக்கு அவசரம் இல்ல.

இவ்வளவு சொன்னதுக்கும் "பீட்டர் விடாதீங்க"ன்னு ஒரு கமெண்ட் வரும், தெரியும். நம்ம ஊர்ல தப்பா ஆங்கிலம் பேசினா கிண்டல், சரியாப் பேசினா பீட்டர். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வர்ற பசங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, வாயைத் திறக்கவே பயந்து, கடைசியில ஒரு ரீல்காரர்கிட்ட போய் விழறாங்க. அவர் அவங்க பயத்தை லைக்கா மாத்திக்கிறார். முதல் பத்து சொல் ஓசி, அடுத்த நூறு சொல்லுக்கு கோர்ஸ், பயோல லிங்க். பொறாமைன்னு என்னைச் சொன்னவங்க அந்த லிங்க்கை ஒரு தடவை தட்டி விலையைப் பாத்துட்டு வந்திருக்கலாம்.

நான் சொன்னதுக்கு என்ன செலவாகும்னு உள்பெட்டியில ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ், கொலின்ஸ் நாலுமே இணையத்துல இலவசம். கொலின்ஸ் தளத்துலயே கோபில்ட் விளக்கம் வரும். அங்கி கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் இலவசம், ஐஃபோன்ல மட்டும் காசு. கோகாவுக்குப் பதிவு பண்ணணும், தினம் இத்தனை தேடல்தான்னு வரம்பு உண்டு. ஐந்து சொல்லுக்கு அது போதும் தம்பி.